நெல்லி, மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல்: வயசாகுறத நிஜமாவே தள்ளிப்போடுமா?

கோவைப்பொண்ணு
எல்லாருக்கும் வணக்கமுங்க. என் நாத்தனார் ஒரு டைரக்ட் செல்லிங் கம்பெனில சேர்ந்திருக்காங்க, கம்பெனி பேரு வேணாம். சொந்தக்காரங்க எல்லார் தலைலயும் கட்டி முடிச்சுட்டு இப்ப எங்கம்மாகிட்ட வந்து நிக்கறாங்க. ஒரு டப்பாவுல 60 கேப்ஸ்யூல். நெல்லிக்காய் எக்ஸ்ட்ராக்ட், மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், மிளகு சத்து, இன்னும் என்னென்னமோ பொடி எழுத்துல. முன்னாடி மட்டும் பெருசா "10 மடங்கு ஆன்ட்டிஆக்சிடென்ட் பவர்"னு, எதைவிட 10 மடங்குன்னு எங்கயும் போடல. முகச்சுருக்கம் போயிரும், மூட்டுவலி போயிரும், செல்லெல்லாம் புதுசாயிரும், 10 வயசு கொறையும்னு ஒரே பேச்சு. அம்மாவுக்கு 61, பிரஷர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்கறதுக்கும் மாத்திரை போடறாங்க. நான் வேணாம்னு வாயத் தொறந்தா குடும்பத்துல சண்டைதான். மூலிகைல ஆன்ட்டிஆக்சிடென்ட் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, அது வயசாகுறத தடுக்கும்னும் சொல்றாங்க, இதுல எவ்ளோ நெசம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டிஆபீசர்
எதைவிட 10 மடங்குன்னா போன மாசம் வித்த டப்பாவைவிட.

லேப்எலி
சிஸ்டர், இந்த "ஆன்ட்டிஆக்சிடென்ட் பவர்" எங்கேர்ந்து வருதுன்னு நான் சொல்றேன், எம்.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி ப்ராஜெக்ட்ல இதையேதான் நானும் பண்ணேன், நம்ம ஊர் காலேஜ்கள்ல பாதி பேரு இதைத்தான் பண்ணிருப்பாங்க. ஏதாவது ஒரு செடியப் பறிச்சு நிழல்ல காயவெச்சு மிக்ஸில பொடி பண்ணி மெத்தனால்ல ஊறவெக்கணும், இல்லன்னா சாக்ஸ்லெட்னு ஒரு கண்ணாடி செட்டப் இருக்கு அதுல போட்டு எடுக்கணும். சால்வென்ட்ட ஆவியாக்கினா அடியில கரும்பச்சையா பிசுபிசுன்னு ஒண்ணு நிக்கும். அதான் எக்ஸ்ட்ராக்ட்.

அடுத்து டிபிபிஹெச்னு ஒரு கெமிக்கல். கரைச்சா கத்திரிப்பூ கலர்ல இருக்கும். அதுல ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாம தனியா நிக்குது, அதனால அதுவும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான், அதாவது பக்கத்துல இருக்கறத அடிச்சுக் கெடுக்கற சாதி, அத அடக்கறதத்தான் ஆன்ட்டிஆக்சிடென்ட்ங்கறோம், ஆனா இது ரொம்ப சாதுவான ராடிக்கல், பாட்டில்ல போட்டு மூடி ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம். நம்ம எக்ஸ்ட்ராக்ட்ட அதுல ஊத்தினா அதுல இருக்கற பாலிஃபீனால், அதான் செடியில இருக்கற துவர்ப்புச் சமாச்சாரம், ஒரு ஹைட்ரஜனத் தூக்கிக் குடுத்துரும், கத்திரிப்பூ கலர் போயி மஞ்சளாயிரும். 517 நானோமீட்டர்ல வெச்சு கலர் எவ்ளோ இறங்குச்சுன்னு அளந்தா முடிஞ்சுது. 1958ல ப்ளாய்ஸ்ங்கறவர் எழுதின டெஸ்ட்டு, செலவு கம்மி, ஒரே நாள்ல ரிசல்ட், அதான் எல்லாரும் இதுல விழறாங்க.

இப்ப விஷயம் என்னன்னா, எந்த இலைய எடுத்தாலும் ரிசல்ட் வரும். துளசி வரும், வேலியோரம் நிக்கற ஆடாதொடை வரும், காபித்தூள் போட்டாலும் வரும். செடியால வெயிலுக்கு பயந்து நிழலுக்கு ஓட முடியாதில்ல, நிக்கற இடத்துலயே தன்னைக் காப்பாத்திக்கணும், அதுக்காக ஃபீனால் சமாச்சாரமெல்லாம் சேர்த்து வெச்சுக்குது. அதனால "இந்த மூலிகைக்கு ஆன்ட்டிஆக்சிடென்ட் ஆக்டிவிட்டி இருக்கு"ங்கறது பொய் இல்ல. ஆனா அது டெஸ்ட் ட்யூப் பத்தின உண்மை. அந்த ட்யூப்ல வயிறு இல்ல, ஈரல் இல்ல, வயசும் இல்ல.

அந்த 10 மடங்கு கதை: ஓராக்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அமெரிக்க விவசாயத் துறை ஒவ்வொரு பழத்துக்கும் காய்க்கும் அந்த நம்பர் போட்டு ஒரு பெரிய பட்டியலே வெப்சைட்ல வெச்சிருந்தாங்க. கம்பெனிக்காரங்க அத டப்பாவுல போட்டு விக்க ஆரம்பிச்சதும் 2012ல பட்டியலையே தூக்கிட்டாங்க, இந்த நம்பருக்கும் உடம்புல நடக்கறதுக்கும் சம்பந்தம் காட்ட முடியலன்னு சொல்லி. இன்னமும் அந்த நம்பர வெச்சு யாவாரம் நடக்குது.

குப்பைமேனி
வந்துட்டாங்கப்பா வெள்ளைக்கோட்டு. டெஸ்ட் ட்யூப்ல வந்தாலும் குத்தம் வராட்டியும் குத்தம். நெல்லிக்காய் சாப்பிட்டா நீண்ட நாள் வாழலாம்னுதானே அதியமான் தான் திங்காம ஔவைக்குக் குடுத்தான், அப்ப எந்த டைரக்ட் செல்லிங் இருந்துச்சு? காலைல இஞ்சி மதியம் சுக்கு சாயங்காலம் கடுக்காய்னு நம்மாளுங்க தெளிவா சொல்லி வெச்சிருக்காங்க. காயகற்பம்னு தனியா ஒரு பிரிவே இருக்கு சித்த மருத்துவத்துல. அவங்களுக்கு டிபிபிஹெச் தெரியாதுங்கறதுக்காக அவங்க கண்டது பொய்யாயிருமா?

லேப்எலி
//அவங்க கண்டது பொய்யாயிருமா//
பொய்னு நான் சொல்லவே இல்லியே தலைவா. கேப்ஸ்யூல பத்தித்தான் பேசறேன். அதியமான் குடுத்தது பழம், எக்ஸ்ட்ராக்ட் இல்ல.

பெரியகுளம்காரி
நான் படிச்சவ இல்ல, ஒண்ணு கேக்குறேன் தம்பி. வெண்ணெய் உருக்கையில முருங்கைக்கீரை ஒரு கொத்து போடுறோம்ல, சில பேரு கறிவேப்பிலை போடுவாங்க, வெத்தலை கூட போடுவாங்க. போட்டா நெய் நாள்பட இருந்தாலும் சிக்கு வாடை அடிக்காது. அதுவும் இதானா?

லேப்எலி
அக்கா, நூத்துக்கு நூறு அதேதான். இந்த இழையிலயே உருப்படியான கேள்வி இதுதான். நெய்யோ எண்ணெயோ கெட்டுப்போறதுன்னா அதுல இருக்கற கொழுப்ப காத்துல இருக்கற ஆக்சிஜன் அடிக்குதுன்னு அர்த்தம். ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டா அது பக்கத்துல இருக்கறதக் கெடுக்கும், அது அடுத்தத, இப்டி சங்கிலியா போகும். முருங்கை இலைல க்வெர்செட்டின், க்ளோரோஜெனிக் ஆசிட் எல்லாம் இருக்கு, வெண்ணெய் கொதிக்கும்போது அதுல கொஞ்சம் நெய்யில இறங்கி அந்தச் சங்கிலிய நடுவுல வெட்டிரும். நல்லெண்ணெய் மத்த எண்ணெய் மாதிரி சீக்கிரம் சிக்கு அடிக்காததுக்கும் இதான் காரணம், எள்ளுலயே செசமால், செசமோலின்னு காவலுக்கு ஆள் இருக்கு. ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்ட இ392ன்னு நம்பர் போட்டு வெளிநாட்டுல எண்ணெய், இறைச்சியில சட்டப்படி சேக்கறாங்க. ஆன்ட்டிஆக்சிடென்ட்டுக்கு உண்மையான, யாரும் மறுக்க முடியாத வேலை இதுதான், சாப்பாடு கெடாம பாத்துக்கறது.

நெய் ஜாடியில வேலை செஞ்சா மனுஷன் உள்ளயும் செய்யும்னு தாவறதுலதான் சிக்கல். ஜாடிக்கு ஈரல் கிடையாது. நாம முழுங்கற பாலிஃபீனால்ல பெரும்பகுதி குடல்லயே நின்னுரும், உள்ள போற கொஞ்சத்தையும் குடலும் ஈரலும் உடனே வேற ஒண்ணா மாத்தி மூத்திரத்துல அனுப்பிரும். ரத்தத்துல மிஞ்சறது கடல்ல பெருங்காயம் கரைச்ச கதை. அதே ரத்தத்துல யூரிக் ஆசிட், வைட்டமின் சி, புரதம்னு நம்ம சொந்தச் சரக்கு அதவிடப் பல மடங்கு ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. ஒரு வேடிக்கை சொல்லட்டா, ஆப்பிள் சாப்பிட்டதும் ரத்தத்தோட ஆன்ட்டிஆக்சிடென்ட் அளவு ஏறுதுன்னு பாத்தாங்க, என்னடான்னு நோண்டினா ஏத்தினது ஆப்பிளோட பாலிஃபீனால் இல்லியாம், ஆப்பிள் சர்க்கரைல இருக்கற ஃப்ரக்டோஸ் யூரிக் ஆசிட்ட ஏத்தி விட்டிருக்கு. லொட்டிட்டோ, ஃப்ரை ரெண்டு பேரும் 2004ல எழுதினது.

கோவைப்பொண்ணு
சரிங்க, ஆனா ஃப்ரீ ராடிக்கல்னாலதான் வயசாகுதுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கே, நாத்தனார் காட்டின வீடியோலயும் அதான்.

லேப்எலி
அதுக்கு மூலம் டென்ஹாம் ஹார்மன். 1956ல எழுதினார், நம்ம செல்லு ஆக்சிஜன வெச்சு எரிக்கும்போது வர்ற ராடிக்கல்தான் செல்லக் கெடுத்து கிழடாக்குதுன்னு. அழகான ஐடியா, அவரும் 98 வயசு வரைக்கும் இருந்தார். அப்ப ஆன்ட்டிஆக்சிடென்ட் குடுத்தா வயசு நிக்கணுமே, குடுத்துப் பாத்தாங்க.

ஃபின்லாந்துல சிகரெட் பிடிக்கற 29,133 ஆம்பளைங்களுக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் குடுத்தாங்க, ரெண்டும் ஆன்ட்டிஆக்சிடென்ட்தான். 1994ல ரிசல்ட் வந்துச்சு, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கொறையல, 18 சதவீதம் ஜாஸ்தி. அமெரிக்காவுல அதே மாதிரி கேரெட்னு ஒரு ட்ரையல், 1996 ஜனவரில பாதியிலயே நிறுத்தினாங்க, அங்கயும் கேன்சர் கூடிருச்சு. கேன்சர் வராம தடுக்கத்தான் குடுத்தாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. 2012ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள அலசற அமைப்பு ஆளுங்க 78 ட்ரையல ஒண்ணா சேத்து கிட்டத்தட்ட 3 லட்சம் பேர பாத்தாங்க. ஆயுசு கூடல, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சாவை லேசா கூட்டற மாதிரிதான் தெரிஞ்சுது.

இன்னொரு பக்கம், ஆப்பிரிக்காவுல நேக்கட் மோல் ரேட்னு முடியில்லாத ஒரு எலி, பூமிக்கடியில இருக்கும். அது உடம்புல ஆக்சிஜன் சேதம் சாதா எலியவிட ஜாஸ்தி. ஆனா 30 வருஷத்துக்கு மேல வாழுது, சாதா எலி 3 வருஷம் தாண்டறதே பெருசு. ஆக, ராடிக்கல் கெட்டவன், அவனைப் புடிச்சா இளமைங்கற கணக்கு அவ்ளோ நேரா இல்ல.

வெட்டிஆபீசர்
அந்த எலி பாக்க எப்டி இருக்கும்னு தேடிப் பாத்தேன். பொறந்ததுலேர்ந்தே முழுக்க சுருக்கம். 30 வருஷம் வாழலாம், முகச்சுருக்கம் கேரண்டி.

குப்பைமேனி
//பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ//
இங்கதான் தம்பி ஏமாத்தறீங்க. இது ரெண்டும் ஃபேக்டரில பண்ண ஒத்தை வைட்டமின். மூலிகைங்கறது ஒரு கூட்டுக் குடும்பம், நூறு சமாச்சாரம் சேர்ந்து வேலை செய்யும். அதுல ஒண்ணைப் பிரிச்சு மாத்திரையாக்கி வேலை செய்யலன்னா தப்பு மூலிகை மேல இல்ல. எங்க தாத்தா பரம்பரை வைத்தியர், அவர் கடுக்காய் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற கொட்டைய எடுத்துருவார், சுக்குக்கு மேல்தோல சீவிருவார். கடுக்காய்க்கு அகநஞ்சு சுக்குக்கு புறநஞ்சு, கேள்விப்பட்டிருப்பீங்க. எதோட சேத்துக் குடுக்கணும், தேன்லயா வெந்நீர்லயா மோர்லயா, எந்த உடம்புக்கு ஆகாது, என்ன பத்தியம், ஒரு மண்டலமா ரெண்டா, எல்லாம் பாத்துத்தான் குடுப்பாங்க. அத விட்டுட்டு...

லேப்எலி
தலைவா இப்ப நீங்க என் கட்சிக்கே வந்துட்டீங்க பாத்தீங்களா. அந்த ட்ரையல் எல்லாம் ஒத்தை வைட்டமின், முழுச்செடி இல்லங்கறது நியாயமான பாயின்ட், ஒத்துக்கறேன். ஆனா அந்த டப்பாவுல இருக்கறதும் முழுச்செடி இல்லியே. மஞ்சள்லேர்ந்து குர்குமின, அதான் மஞ்சளுக்குக் கலர் குடுக்கற பொருள, 95 சதவீதத்துக்கு உரிச்செடுத்து அடைச்சது. எந்தச் சித்தர் அப்டிக் குடுத்தார்?

குப்பைமேனி
எந்தச் சித்தரும் குடுக்கல. நானும் அந்த டப்பாவ வாங்கச் சொல்லல. மூலிகைய மட்டமா பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

லேப்எலி
மஞ்சள் கணக்க கொஞ்சம் போட்டுப் பாக்கலாம். நம்ம கறி மஞ்சள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம், மேகாலயா லக்கடாங் மஞ்சள்ல 7 பக்கம் வரும். அரை ஸ்பூன் மஞ்சத்தூள் ஒன்றரை கிராம்னு வெச்சா குர்குமின் 45 மில்லிகிராம். ஒரு குழம்பு நாலு பேருக்கு, உங்களுக்கு வர்றது 10 பக்கம். கேப்ஸ்யூல்ல ஒண்ணுக்கே 500 போடறாங்க. அந்த 500உம் சரியா உள்ள போகாது, குர்குமின் உறிஞ்சப்படறதுல மகா மட்டம். 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதான் மிளகுல இருக்கற காரம், சேத்துக் குடுத்தா ரத்தத்துல 2000 சதவீதம் கூடுதுன்னு. எல்லா டப்பாவுலயும் மிளகு சேர்ந்தது அப்டித்தான். ஒண்ணுமே இல்லாததோட 20 மடங்கும் பெருசா ஒண்ணும் இல்லங்கறது வேற விஷயம். இன்னொண்ணு, 2017ல மருந்து வேதியியல் ஆளுங்க குர்குமின் பத்தின ஆராய்ச்சிய மொத்தமா அலசி எழுதினாங்க. ஆய்வுக்கூட டெஸ்ட்ல எதப் போட்டாலும் பாசிட்டிவ் காட்டற வகையறா அது, தானும் கலர் வெச்சிருக்கு, தானே சிதையுது, ஒட்டக்கூடாத புரதத்துலயெல்லாம் ஒட்டுது, ஆயிரக்கணக்குல பேப்பர் வந்தும் மனுஷங்க மேல செஞ்ச நல்ல ட்ரையல் ஒண்ணு கூட தெளிவா ஜெயிக்கலன்னு.

மருந்துக்கடை_மதுரை
லேட்டா வந்துட்டேன். எல்லாரும் அறிவியல் பேசிட்டிருக்கீங்க, கேட்ட தங்கச்சி முதல் பதிவுல ஒரு வரி எழுதியிருக்காங்களே யாராவது கவனிச்சீங்களா? தங்கச்சி, ரத்தம் உறையாம இருக்க அம்மா என்ன மாத்திரை போடுறாங்க, பேர சொல்லுங்க.

கோவைப்பொண்ணு
வார்ஃபரின் ணா. வால்வு மாத்தினது. ஐஎன்ஆர், அதான் ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற டெஸ்ட்டு, மாசாமாசம் பாக்கறோம்.

மருந்துக்கடை_மதுரை
அப்ப இந்த டப்பாவ வீட்டுக்குள்ளயே விடாதீங்க. இது நெல்லி நல்லதா கெட்டதாங்கற விவாதமே இல்ல, நேரா ஆபத்து. நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல எச்சரிக்கை விட்டாங்க, வார்ஃபரின்ல நல்லா போய்ட்டிருந்த ஒருத்தர் மஞ்சள் சப்ளிமென்ட் ஆரம்பிச்சதும் ஐஎன்ஆர் 10க்கு மேல போயிருச்சு. உங்களுக்கு எவ்ளோ இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருப்பார், 10னா மூளையிலயோ வயித்துலயோ ரத்தம் கசிஞ்சா நிக்காது. அதுல மிளகு சத்து வேற போட்டிருக்கான். பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவத் தொறந்து விடாதும்மா, ஈரல்ல மருந்த ஒடைக்கற என்சைமையே மட்டுப்படுத்தும். ப்ரோப்ரனலால், ஃபெனிட்டாயின், தியோஃபிலின் இதெல்லாம் ரத்தத்துல ஏறும்னு ஆராய்ச்சியே இருக்கு. பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா மாத்திரை போடுறவங்க எத்தனை பேரு, அவங்ககிட்ட ஒருத்தனும் கேக்காம விக்கிறான்.

சாப்பாட்டு மஞ்சள், ரச மிளகு பத்திப் பயப்பட வேணாம், எப்பவும் போல சமைங்க.

ஈரல் விஷயமும் சொல்லிடுறேன். அமெரிக்காவுல மருந்துனால ஈரல் கெடுறதப் பதிவு பண்ற ஒரு நெட்வொர்க் இருக்கு, மஞ்சள் சப்ளிமென்ட்னால வந்த 10 பேரப் பத்தி 2022ல எழுதினாங்க, அஞ்சு பேரு ஆஸ்பத்திரியில சேந்தாங்க, ஒருத்தர் இறந்துட்டார். அதுல 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்துச்சு, யாருக்கு அந்த வகைன்னு மூஞ்சியப் பாத்துத் தெரியாது. க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டும் அப்படித்தான், அதுல இருக்கற ஈஜிசிஜி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் வந்தா ஈரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல சொல்லிருச்சு. டீயா போட்டுக் குடிக்கறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அஸ்வகந்தாவை டென்மார்க்ல 2023ல தடையே பண்ணிட்டாங்க. "மூலிகைதானே, சைடு எஃபெக்ட் இல்ல"ன்னு கடையில வந்து சொல்றவங்ககிட்ட நான் எட்டிக்கொட்டையும் மூலிகைதான்னு சொல்லுவேன்.

கோவைப்பொண்ணு
அய்யோ. இத யாருமே சொல்லலீங்க. நைட்டே அம்மாவுக்கு ஃபோன் பண்ணிர்றேன், அவங்க ஆரம்பிச்சிருந்தாங்கன்னா?

மருந்துக்கடை_மதுரை
ஆரம்பிச்சிருந்தா நிறுத்திட்டு நாளைக்கே ஐஎன்ஆர் பாருங்க, மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம். வார்ஃபரின் டோஸ நீங்களா மாத்தாதீங்க. ஈறுல ரத்தம், கருப்பா மலம், இல்ல திடீர்னு பலமான தலைவலின்னா ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரி போங்க. டப்பா லேபிள ஃபோட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

யாழ்ப்பாணத்தான்
நல்ல விசயம் கதைக்கிறியள். வல்லாரையப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே எண்டு பாத்தன். எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு தரமாவது வல்லாரைச் சம்பல் இருக்கும், பச்சையாவே சின்னனா அரிஞ்சு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு தேசிக்காய்ப் புளி விட்டுப் பிரட்டிறது. ஞாபகசக்தி எண்டு சொல்லித்தான் சின்னனில தீத்தினவை. இப்ப மகள் கொரியன் கிறீம் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறாள், "சிக்கா"வாம், விலை தலை சுத்துது, திருப்பிப் பாத்தா எங்கட வல்லாரை! இது முகத்துக்குப் பூசினா உண்மையிலயே வேலை செய்யுமோ?

லேப்எலி
அண்ணா, மத்ததவிட இதுல கொஞ்சம் சரக்கு இருக்கு. வல்லாரைல ஏசியாட்டிகோசைட், மேடகாசோசைட்னு சில பொருள் இருக்கு. மடகாஸ்கர்ல பிரெஞ்சுக்காரங்க 1940கள்லயே பிரிச்செடுத்து, அப்புறம் புண்ணு ஆத்தற களிம்பா வித்தாங்க, மேடகாசோசைட்டுக்குப் பேரே அந்த ஊர்லேர்ந்துதான். அது ஆன்ட்டிஆக்சிடென்ட்டா வேலை செய்யறதவிட தோல்ல கொலாஜன், அதான் தோல இறுக்கமா வெச்சிருக்கற புரதம், அத செய்யற செல்லத் தூண்டுதுங்கறதுதான் முக்கியம். பிரான்ஸ்ல வெயில்பட்டு முதுமை தட்டின தோலுள்ள பொம்பளைங்ககிட்ட 5 சதவீத வைட்டமின் சியும் 0.1 சதவீத மேடகாசோசைட்டும் சேந்த கிரீம ஆறு மாசம் போட்டுப் பாத்தாங்க, 2008ல வந்துச்சு, சுருக்கமும் தோல் இறுக்கமும் கொஞ்சம் தேறுச்சு. ஆனா 20 பேரு வெச்சு பண்ணது, கூட வைட்டமின் சி வேற இருக்கு, வல்லாரை மட்டும் எவ்ளோன்னு பிரிக்க முடியாது.

பூசறதுக்கும் முழுங்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இது. பூசினா ஈரல் குறுக்க வராது, தோலுக்கு நேரா போகுது. 2005ல ட்யூக் யுனிவர்சிட்டில 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ, அரை சதவீதம் ஃபெருலிக் ஆசிட் கலந்து பூசிப் பாத்ததுல யூவி சேதத்துக்கு எதிரா காப்பு ரெண்டு மடங்காச்சு. ஃபெருலிக் ஆசிட் நம்ம அரிசித் தவிட்டுலயே இருக்கற ஐட்டம்தான், அதுக்காக தவிட்டக் கொழைச்சு மூஞ்சில பூசினா அதே ரிசல்ட் வருமான்னு கேக்காதீங்க, அந்தக் கலவைல புளிப்புத் தன்மைய ரொம்பக் கச்சிதமா வெச்சாத்தான் வைட்டமின் சி தோலுக்குள்ள எறங்கும்.

யாழ்ப்பாணத்தான்
விளங்குது தம்பி. அப்ப சம்பல் வாய்க்கு, கிறீம் மகளுக்கு. இன்னொண்டும் சொல்லிப்போட்டுப் போறன், வல்லாரை ஈரமான இடமெல்லாம் முளைக்கும், கழிவுத்தண்ணி ஓடுற வாய்க்கால் கரையில பிடுங்கினதைச் சந்தையில கொண்டுவந்து விக்கிறாங்கள், நல்லாக் கழுவாமப் பச்சையாத் தின்னாதேங்கோ.

செட்டிநாட்டு_நலங்கு
நான் வீட்டுல நலங்குமாவு அரைச்சு விக்கிறவ. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ரோஜா இதழ் எல்லாம் போடுவேன். கார்போகரிசியும் போடுவேன், பாட்டி கணக்குப்படி. இப்ப வாங்கறவங்க "அக்கா அதுல பாகுச்சியால் இருக்காமே, ரெட்டினாலுக்கு பதிலாமே, கூட போடுங்க"ன்னு கேக்கறாங்க. கூட போடலாமா?

லேப்எலி
வேணாம் அக்கா! இருங்க, விவரமா சொல்றேன்.

கார்போகரிசில பாகுச்சியால்னு ஒரு பொருள் இருக்கறது நெசம், 1966ல நம்ம இந்தியாவுலயே பிரிச்செடுத்தது. ரெட்டினால், அதான் சுருக்கத்துக்குப் பூசற வைட்டமின் ஏ, அதோட வெச்சு ஒரு ட்ரையலும் நடந்துச்சு, 44 பேரு, 12 வாரம், ரெண்டும் அரை அரை சதவீதம். சுருக்கம், கருமை ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே பலன், தோல் உரியறதும் எரியறதும் பாகுச்சியாலுக்கு கம்மி. மூலிகை ஆன்ட்டி ஏஜிங்ல நான் கொஞ்சமாவது மதிக்கிற கதை இது, அதுவும் சின்ன ட்ரையல்தான். ஆனா கிரீம்ல போடறது சுத்தம் பண்ணின பாகுச்சியால். முழு விதைல சோராலென்னு இன்னொண்ணு இருக்கு. அது தோல்ல பட்டு மேல வெயில் பட்டா தோல் வெந்து கொப்புளிச்சு கருத்துப் போகும். வெண்படைக்கு டாக்டருங்க சோராலென குடுத்து யூவி லைட்ல நிக்க வெக்கறது இதே குணத்துக்காகத்தான், அளந்து பண்ணுவாங்க. நீங்க விக்கிற மாவ ஒருத்தி அரை மணி நேரம் பேக்கா போட்டுட்டு சரியா கழுவாம மத்தியான வெயில்ல போனா, இளமைக்குப் போட்டது கருந்திட்டா நிக்கும்.

குப்பைமேனி
இது சரி. எங்க தாத்தா கார்போகரிசிய வெண்படைக்குத்தான் குடுப்பார், அதுவும் வெயில் பத்தி சொல்லித்தான் குடுப்பார். குளிக்கும்போது தேய்ச்சு உடனே கழுவற மாவுல ஒரு சிட்டிகை வேற, முகத்துல காயவிடற பேக் வேற.

செட்டிநாட்டு_நலங்கு
நல்லவேளை கேட்டேன். பாட்டி ஒரு படி மாவுக்கு ஒரு கைப்பிடிகூட போடமாட்டாங்க. வெயில்னு ஒரு நாளும் காரணம் சொன்னதில்ல, பாக்கெட்ல இனிமே எழுதிடறேன்.

லேப்எலி
வெயில்னு வந்ததும் ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல நம்பூர்னு ஒரு ஊர்ல 55 வயசுக்கு உட்பட்ட 903 பேர வெச்சு நாலரை வருஷம் பாத்தாங்க, 2013ல வந்துச்சு. தெனம் சன்ஸ்க்ரீன் போட்டவங்களுக்கு தோல் முதுமை 24 சதவீதம் கம்மி. அதே ட்ரையல்ல இன்னொரு கூட்டத்துக்கு தெனம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்தாங்க, அதுல ஒரு பலனும் தெரியல. ஒரே ஊரு, ஒரே வெயிலு, பூசினது ஜெயிச்சுது முழுங்கினது தோத்துச்சு. ஒரு குடையும் துப்பட்டாவும் போதும், யாரும் அத டைரக்ட் செல்லிங்ல விக்க மாட்டாங்க.

குப்பைமேனி
சரி தம்பி, முகத்த விடு. ஆயுசுக்கு? எந்த மூலிகையுமே ஆயுச கூட்டாதுன்னு சொல்றியா?

லேப்எலி
மனுஷன்ல யாருக்கும் தெரியாது தலைவா, அத நிரூபிக்க ட்ரையல் பண்ணா பண்றவரே போய்ச் சேந்துருவார். எலில பாத்திருக்காங்க. அமெரிக்காவுல முதுமை ஆராய்ச்சிக்குன்னே இருக்கற தேசிய நிறுவனம் மூணு இடத்துல ஒரே நேரத்துல எலிகளுக்குக் குடுத்து ஆயுச அளக்கறாங்க, ஒரு லேப்ல வந்தது இன்னொரு லேப்ல வரலன்னா மாட்டிக்கும், அதனால நான் இத நம்பறேன். குர்குமின், க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், திராட்சை ரெஸ்வெரட்ரால் மூணையும் போட்டாங்க, 2013ல ரிசல்ட், மூணுக்கும் ஆயுசு கூடல. அந்த ரெஸ்வெரட்ராலுக்காக ஆரம்பிச்ச கம்பெனிய 2008ல ஒரு பெரிய மருந்துக் கம்பெனி 720 மில்லியன் டாலர் குடுத்து வாங்கி 2013ல இழுத்து மூடுச்சு.

ஆனா உங்க கட்சிக்கு ஒரு பாயின்ட் தர்றேன். அமெரிக்கப் பாலைவனத்துல க்ரியோசோட்னு ஒரு புதர், அதுலேர்ந்து எடுக்கற என்டிஜிஏன்னு ஒரு ஆன்ட்டிஆக்சிடென்ட் இதே டெஸ்ட்ல ஆயுச கூட்டுச்சு. ஆண் எலிக்கு மட்டும். பொட்டை எலிக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் புதரோட இலைய மனுஷங்க டீயா போட்டுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போன கேஸ் நெறைய.

இப்ப ஆராய்ச்சில பேசறது வேற மாதிரி. செடியில இருக்கற கசப்பு, காரம், துவர்ப்பு எல்லாம் பூச்சி திங்காம இருக்க செடி வெச்சிருக்கற லேசான விஷம். அது நம்ம செல்லுல பட்டதும் செல்லு உஷாராகி தன்னோட சொந்த காவல் என்சைம்கள கூட்டிக்குது, குளூட்டதயோன் மாதிரி சமாச்சாரமெல்லாம் ஏறுது. என்ஆர்எஃப்2ன்னு ஒரு புரதம்தான் அதுக்கு ஸ்விட்ச். அதாவது மூலிகை வந்து ராடிக்கல அடிக்கல, உடம்ப சீண்டி விட்டு உடம்பே அடிக்குது. செல்லுலயும் எலிலயும் இது நல்லாவே காட்டியிருக்காங்க. இது சரின்னா, கொஞ்சமா பாகக்காயோ வேப்பம்பூ ரசமோ சாப்பிடறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, அதையே 100 மடங்கு உரிச்சு கேப்ஸ்யூல்ல அடைக்கறதுக்கு இல்ல, அப்ப சீண்டல் அடியாயிரும். ஜெர்மனில 2009ல ஒண்ணு பண்ணாங்க, எக்சர்சைஸ் பண்ற பசங்களுக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈயும் குடுத்தா, எக்சர்சைஸ்னால இன்சுலின் நல்லா வேலை செய்யற பலனே மழுங்கிப் போச்சு, ஏன்னா எக்சர்சைஸ்ல வர்ற ராடிக்கல்தான் உடம்புக்கு சிக்னல்.

பெரியகுளம்காரி
அப்ப நெல்லிக்காய் திங்கலாமா வேணாமா, அதச் சொல்லுப்பா. மரத்துல காய்ச்சு கொட்டுது.

லேப்எலி
தாராளமா தின்னுங்க அக்கா. பழைய அரசாங்கப் பட்டியல்ல 100 கிராமுக்கு வைட்டமின் சி 600 மில்லிகிராம்னு இருந்துச்சு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 பட்டியல்ல 252தான், ஆனா அதுவே ஆரஞ்சுப்பழத்தவிட பல மடங்கு. கொலாஜன் கட்டறதுக்கு வைட்டமின் சி கட்டாயம் வேணும், இல்லாட்டி ஈறு கரைஞ்சு பழைய புண்ணுகூட பிரியும். ஆனா தெனம் 200, 400 மில்லிகிராம் தாண்டினா ரத்தத்துல அதுக்கு மேல ஏறாது, மீதி மூத்திரத்துல போயிரும். ஒரு பெரிய நெல்லிக்காய் தாராளம். மிச்சத்துக்கு உப்புல ஊறப்போடுங்க.

மருந்துக்கடை_மதுரை
வார்ஃபரின் போடுற அம்மா மட்டும் நெல்லி ஜூஸ் டம்ளர் டம்ளரா குடிக்கறது, தெனம் கீரை ஜூஸ் குடிக்கறதுன்னு திடீர்னு எதையும் ஆரம்பிக்க வேணாம். கீரைல வைட்டமின் கே இருக்கு, ஒரு வாரம் கட்டுக்கட்டா தின்னுட்டு அடுத்த வாரம் நிறுத்தினா ஐஎன்ஆர் ஊஞ்சலாடும். எப்பவும் சாப்பிடற அளவ அப்படியே சாப்பிடணும், அவ்வளவுதான்.

கோவைப்பொண்ணு
அம்மாகிட்ட பேசிட்டேன். நல்லவேளை டப்பா மேசை மேலயே இருக்கு, பிரிக்கல. "மாப்பிள்ளையோட தங்கச்சி ஆசையா குடுத்தா, எப்டி வேணாம்ங்கறது"ன்னு வாங்கி வெச்சிருக்காங்க, காசும் குடுத்துட்டாங்க. ஐஎன்ஆர் விஷயத்த மட்டும் நாத்தனாருக்கு ஃபோன்ல சொன்னேன், "எங்க மேடம் எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொன்னாங்களே"ன்னாங்க. ஆனா குரல்ல கொஞ்சம் சுருதி எறங்கிருச்சு, அவங்க மாமனாருக்கும் ஸ்டென்ட் வெச்சிருக்காங்க, அவருக்கும் இதே டப்பாவ குடுத்திருக்காங்களாம். அவரு என்ன மாத்திரைன்னு பாத்து சொல்றேன்னாங்க.

மருந்துக்கடை_மதுரை
ஸ்டென்ட்னா பெரும்பாலும் க்ளோபிடோக்ரல், ஆஸ்பிரின் ரெண்டும் இருக்கும், அதுவும் ரத்தம் உறையாம இருக்கறதுக்குத்தான். அவர இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. டப்பாவத்தான், மாத்திரைய இல்ல. நல்லா அழுத்திச் சொல்லுங்க, சில பேரு மாத்தி நிறுத்திருவாங்க.